முதல் பரிசு என்று எழுதியது நான்தான்

போன சனிக்கிழமை காலை, தாராவியில் என் தையல் பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்துவின் மனைவி மாரியம்மாள் போன் செய்தாள். "அண்ணே, அவிய போயிட்டாவ" என்றாள். நுரையீரலில் புற்று என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பேச்சிமுத்துவின் மளிகைக் கடையில் சாமான் வாங்கிய எல்லோருக்கும் அரிசி மூட்டை நிறுக்கும் அந்த இரும்புத் தராசு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதற்கு முன் நாங்கள் நாலு நண்பர்கள் அதில் ஏறி நிற்போம். எங்களில் ஒருவரான தங்கராஜ் மாரடைப்பில் பிழைத்த வருஷம் தொடங்கிய பழக்கம் அது. அவரவர் எடையை கோடவுன் கதவில் சாக்பீஸால் எழுதுவோம். மாதக் கடைசியில் அதிகம் குறைந்தவருக்கு மற்றவர்கள் இட்லி வாங்கித் தர வேண்டும். எடை குறைந்தவருக்கு இட்லி என்பது எந்த ஊர் நியாயமோ, எங்களுக்குச் சரியாகத்தான் பட்டது.

நாலு பேரில் பேச்சிமுத்துதான் ஒல்லி. சிகரெட்டும் அவருக்குத்தான் அதிகம், அடுத்தது நான். "நோயெல்லாம் தொந்திக்காரனுக்குத்தான் வே. பொக பிடிச்சா வயிறு வைக்காது" என்று என் வயிற்றைத் தட்டுவார். நான் நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

போன மழைக்காலத்தில் இரண்டே மாதத்தில் அவர் ஐந்து கிலோ குறைந்தார். சாப்பாட்டைக் குறைக்கவில்லை, கூடுதலாக நடக்கவுமில்லை. நாங்கள் கைதட்டினோம். கதவில் அவர் பெயருக்கு நேராக 'முதல் பரிசு' என்று எழுதியது நான்தான். அன்று அவர் இருமியபோது, இட்லி விக்கிக்கொண்டது என்று முதுகில் தட்டியதும் நான்தான். நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

பிறகு இருமலில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை எப்போதிருந்து குறைகிறது என்று டாக்டர் கேட்டார். மாரியம்மாள் போனில் கதவின் படத்தைக் காட்டினாள். தமிழ் தெரியாத அந்த டாக்டர், எண்களுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பேச்சிமுத்துதான், "பஹ்லா நம்பர், சாப்" என்று முதலிடத்தை இந்தியில் சொன்னார்.

ஒல்லியாக இருப்பது புகைப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று டாக்டர் விளக்கினார். புகைப்பவர்களிலேயே மெலிந்தவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதுண்டாம். சிகரெட்டும் பசியைக் கொல்லும், வெளியே தெரியாமல் இருக்கும் நோயும் உடம்பைக் கரைக்கும். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றார். அதற்காக உடம்பைப் பெருக்குவது மருந்தாகாது, விட வேண்டியது சிகரெட்டை என்றார்.

அன்றே விட்டேன். மூன்று மாதத்தில் ஏழு கிலோ ஏறியது. நானே தைத்த சட்டை எனக்குச் சேரவில்லை. ஒன்றிரண்டு பிடித்தால் குறையுமே என்று வெட்கமில்லாமல் பேச்சிமுத்துவிடமே போய்ச் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்து வந்து, தராசில் ஏறச் சொன்னார்.

"எம்பத்தொம்பது. எழுதும் வே. ஏறுன கிலோவ நடந்து எறக்கிக்கிடலாம். எனக்கு வந்தத நடந்து எறக்க முடியாதுல்லா."

அன்றே அவர் எங்கள் சட்டத்தையும் மாற்றினார். காரணமில்லாமல் குறைந்தவருக்கு இனி இட்லி கிடையாது. மற்றவர்கள் டாக்டரிடம் இழுத்துப் போக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலமே எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை மாரியம்மாளிடம் சாவி வாங்கி மூன்று பேரும் தராசில் ஏறினோம். தங்கராஜ் இரண்டு கிலோ குறைந்திருந்தார். ஏன் என்று கேட்டோம், தெரியவில்லை என்றார். யாரும் கைதட்டவில்லை. திங்கட்கிழமை அவர் முறைக்க முறைக்க டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பரிசோதனை நடக்கிறது, முடிவு தெரியும்வரை அவரை விடப்போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் எடை தொண்ணூற்றொன்று. நானே எழுதினேன். "கதவத் தொடச்சிரட்டா அண்ணே?" என்று மாரியம்மாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவருடைய நினைவாக எனக்கு அந்தக் கதவு போதும்: என் கையெழுத்தில் 'முதல் பரிசு', அதற்குக் கீழே அவர் எழுதச் சொன்ன என் எடை. கை இன்னும் பழக்கத்தில் சிகரெட்டைத் தேடிச் சட்டைப் பைக்குப் போகிறது. பையில் இப்போது சாக்பீஸ்தான் இருக்கிறது.