லினலூலும் என் ஓரகத்தியின் மூக்கும்

காய்ச்சல் விட்ட எட்டாம் நாள் கடைக்குப் போனேன். சங்கரன்கோவில் பூச்சந்தையில் எங்களுக்கு ஒரு கமிஷன் கடை. பனவடலிசத்திரத்திலிருந்து வந்த மல்லிப் பையை அவிழ்த்தேன். வாசமே இல்லை. அடுத்த பையிலும் இல்லை. முதலில் பூவைத்தான் சந்தேகப்பட்டேன்.

நேற்றைய பூவை இன்றைய பூவோடு கலந்து அனுப்புகிறவர்கள் உண்டு. பையைத் திறந்ததும் எழும் வாசத்தில் அதைக் கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை. என் கணவர் தன் தம்பி பெண்டாட்டி செல்வியைக் கூட்டிவந்து என் இடத்தில் உட்காரவைத்தார். எது நேற்றைய பூ என்று அவளும் கச்சிதமாகச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

மருத்துவர் இதை மணமிழப்பு (கிருமித் தொற்றால் மூக்கின் நரம்பு பாதிக்கப்படுவது) என்றார். நரம்பு மெல்லத் தழைக்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாதாம். தினம் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை, மல்லிகை முகர்ந்து பழகச் சொன்னார். மல்லிகையில் லினலூல் (பூவுக்கு மணம் தரும் பொருள்களில் ஒன்று) இருக்கிறது. கொத்தமல்லி விதையிலும் கஞ்சாப் பூவிலும்கூட அது உண்டாம். கஞ்சா என்றதும் என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்தார். போதை தருவது இது இல்லை என்று மருத்துவர் சிரித்தார். லினலூலை முகர்ந்த எலிகளுக்குப் பதற்றம் தணிகிறது. மணம் தெரியாத எலிகளுக்கு அந்தப் பலன் இல்லை. மனிதர்களைப் பற்றி இன்னும் தீர்மானமாகச் சொல்வதற்கில்லை என்றார்.

என் காதில் விழுந்தது ஒன்றுதான். நாள் முழுக்கப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்து செல்வி சும்மாவே சுகப்படுகிறாள். அந்த எலிகள் மேல்கூடப் பொறாமை வந்தது.

மூன்று மாதம் பழகியும் ஒன்றும் தெரியவில்லை. தன் முன்னால் முகர்ந்து காட்டச் சொன்ன மருத்துவர், நான் மூச்சை இழுக்கவே இல்லை, அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்றார். சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்த்தால் கையில் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். பையிலிருந்து எழும் வாசம் தானாக மூக்குக்கு வரும்; ஆனால் பூ முகத்தருகே வந்தால் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. பூ வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கும் இது நேரலாம், கவனியுங்கள்.

மூச்சை இழுக்கப் பழகிப் பழகி, ஏழாம் மாதம் ஒரு காலையில் கிராம்பு தெரிந்தது. சில நாளில் மல்லிகையும், கொஞ்ச நேரத்துக்கு. செல்வியிடம் போய்ச் சொன்னேன், அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான். அவள் அழுதுவிட்டாள்.

"யக்கா, எனக்கு இந்த வாசம் ஆகவே ஆகாது. தலை பிளக்கு. தெனமும் மாத்திரை போட்டுட்டுத்தான் உக்காருதேன்."

"ஏட்டி, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா எப்பிடிச் சொல்ல?"

அப்போதும் எனக்கு இரக்கம் முதலில் வரவில்லை. தலை வலிக்கும் அளவுக்கு அவளுக்கு வாசம் கிடைத்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

இப்போது மணம் காலையில் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறது. என் உடம்புக்கு நாள் என்பது அவ்வளவுதான். அந்த நேரம் நான் உட்கார்கிறேன். செல்வி வெளியே காற்றாட நிற்கிறாள். மணம் போனதும் அவளைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கூப்பிடுவதில்லை. ஒன்றும் தெரியாமலே இன்னும் ஒரு பை, இன்னும் ஒரு பை என்று அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால், பாவம், அவளுக்குத் தலை வலிக்குமே என்கிறேன்.