தம்பி கொடுத்த ரத்தமும் தம்பி கொடுத்த சளியும்

டொராண்டோவில் பக்கத்து வீட்டு லிண்டா எங்கள் வாசலில் சூப் பாத்திரத்தை வைத்து, மணியை அடித்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். தனக்குச் சளி, வரமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையசைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம்செல் மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவனை வாசலோடு பார்த்துவிட்டுப் போவது எங்கள் ஊர்ப் பக்கத்தில் பகையாளி செய்கிற காரியம். வந்தால் கட்டிலில் உட்கார வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும். அவள் என் நுரையீரலைக் காப்பாற்றினாள் என்பது எனக்கு உறைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ரத்தத்தை ஊறவைக்கும் அந்த ஸ்டெம்செல் அணுக்கள் என் தம்பி மாரிச்சாமியுடையவை. சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியில் அவனுக்குப் பட்டாசுக் கம்பெனி வேலை. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்தவன், எனக்காக அதில் ஏறி வந்தான். இப்போது என் உடம்பில் ஓடுவது அவன் ரத்தம். வகைகூட அவனுடையதாக மாறிவிட்டது. ஒரு வருடம் கழித்து, கூட்டத்தில் நிற்காதே, சளிக்காரர் பக்கம் போகாதே என்று எச்சரித்து டாக்டர் என்னை ஊருக்கு விட்டார்.

மாஸ்க்கோடு போய் இறங்கினேன். வேலை முடிந்து வந்த தம்பி கட்டிக்கொண்டான். அவனுக்கு மூக்கு ஒழுகியது, இருமினான்.

"சளி பிடிச்சிருக்காலே?" என்றேன்.

"சளியெல்லாம் இல்லண்ணே, மருந்துத் தூசி. சீசன்ல எல்லாருக்கும் இப்படித்தான். நீங்க மூஞ்சிய மூடிக்கிட்டு இருந்தா பாக்க வாரவுக என்ன நெனைப்பாக? கழத்துங்க."

சிவகாசியில் அச்சு மெஷின் ஓட்டிய காலத்தில் நானும் எல்லா இருமலையும் ஊரெல்லாம் பறக்கும் வெடிமருந்துத் தூசியின் தலையில்தான் போட்டேன். கழற்றினேன். உயிர் கொடுத்தவன் முன்னால் மூக்கைப் பொத்திக்கொள்ள மனம் வரவில்லை. அதைத் தப்பென்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.

டொராண்டோ திரும்பிய வாரமே காய்ச்சல். சாதாரணச் சளி வைரஸ்தான், நுரையீரலில் இறங்கிவிட்டது. வைரஸ் போயிற்று, மூச்சு திரும்பவில்லை. ஆறு படி ஏறினால் உட்கார வேண்டும். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர் விளக்கினார்: சளி கிளப்பிவிட்டதில், தம்பியின் அணுக்கள் என் நுரையீரலை அந்நியமென்று எண்ணித் தாக்குகின்றன, சின்ன மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டுவிட்டன. போனது வராது, இருப்பதைக் காக்கப் பார்க்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அண்ணே, எம் ரத்தம் ஒங்களுக்குச் சேரலையோ? இல்ல, அன்னைக்கு எனக்கு இருந்தது சளிதானா?"

இரண்டுக்கும் ஆமென்பதுதான் பதில்.

"ரெண்டும் இல்லலே," என்றேன். "இந்த ஊருக் குளிரு ஆகல, அம்புட்டுத்தான்."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டது இங்கே கேட்டது.

"அப்ப அங்கன எதுக்குக் கெடக்கீக? இங்கன வந்துருங்கண்ணே."

மூக்கில் இந்த நாட்டு ஆக்ஸிஜன் குழாயோடு, "வாரேன்லே" என்றேன்.