வெள்ளிக் கோட்டுக்கு மேல் நகப்பூச்சு

திருத்துகிறவர்கள் நல்ல பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழையதைப் பொருத்திவிடுவார்கள் என்பது, வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பு முழுவதும் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆகவே மனைவியின் மின்சாரச் சுருதிப் பெட்டியைக் கொட்டாஞ்சேனையில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோக முதல், அதைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றிலும் அவளுடைய சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். எதை மாற்றினாலும் பிடித்துவிடலாம். ஐம்பது வயதில் இவ்வளவு புத்தி எங்கிருந்து வந்ததென்று நானே வியந்தேன்.

பெட்டியைக் கொன்றவனும் நான்தான். ரூட்டரின் அடாப்டர் பெட்டியின் துளைக்குள் சரியாகப் போனது; குத்திவிட்டேன். ஒரு ‘டிக்’. பிறகு மௌனம். சனிக்கிழமை அவளுடைய பாட்டு வகுப்புப் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். பெட்டி தானாகப் பழுதானது என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் குலைக்கவில்லை. அவளும் கூடவே கடைக்கு வருவாள் என்றுதான் நான் எதிர்பார்க்கவில்லை.

கடைக்காரர், எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், மூடியைக் கழற்றினார்.

“என்ன சேர், உள்ளுக்கு அம்மை போட்டிருக்கா?”

“கம்பெனியிலயே அப்பிடித்தான் வந்தது.”

“அது என்ர கலர்,” என்றாள் மனைவி.

நானா பிளேட் முனையால் அரிசியளவு கறுப்புக் குழாய் ஒன்றைச் சுரண்டினார். “இது டயோட். கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும்தான் விடும். எந்தப் பக்கமெண்டு காட்ட வெள்ளிக் கோடு ஒண்டு இருக்கும். நீங்க சரியா அதுக்கு மேல பொட்டு வச்சிருக்கீங்க.”

பள்ளிக்கூடத்தில் இதை இருவாயி என்று படித்திருக்கிறேன். அரைமனதோடு மின்சாரம் கடத்தும் குறைகடத்தியில் வேறுவேறு மாசு துளி கலந்து இரண்டை ஒட்டினால் ஒருவழிக் கதவாகிவிடும் என்று எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

நானா மீற்றரின் முனைகளை மாற்றி மாற்றி வைத்தார்; ஒரு பக்கம் மட்டும் கத்தவேண்டியது இரண்டு பக்கமும் கத்தியது.

“செத்திட்டு. கரண்ட்ட பிளஸ் மைனஸ் மாறிக் குடுத்தாத்தான் இப்பிடிச் சாகும். வேற அடாப்டர் குத்தினீங்களா?”

“இல்லையே,” என்றேன். இவர் என்னை ஏன் இப்படி விசாரிக்கிறார்? மனைவி முன்னாலேயே கேட்டுத் தொலைக்கிறாரே, இரண்டு பேரும் முன்பே கதைத்து வைத்திருப்பார்களோ?

“மாறிக் குடுத்திருந்தா பக்கத்து ஐசி சிப்பையும் கழட்டிப் பாக்கணும். இல்லாட்டி டயோட மட்டும் மாத்தித் தாறேன். சனிக்கிழமை மேடையில பெட்டி நிண்டுபோனா என்னைக் கேக்கக் கூடாது.”

“என்னப்பா?” என்றாள் மனைவி.

எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாவது தரம் வாசிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“ரூட்டர்ர அடாப்டர்,” என்றேன்.

நானா ஐசியைச் சோதித்தார், தப்பியிருந்தது. புது டயோட் வைத்துப் பற்றவைத்ததும் பெட்டி ரீங்கரித்தது. அவள் குனிந்து, மெதுவாக ஷட்ஜம் பிடித்துப் பார்த்தாள். சுருதி சேர்ந்தது.

நானா பெட்டியை நீட்டினார். நான் கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டி அவளிடம் போனது.

ஓட்டோவில் அதை மடியில் அணைத்தபடி இருந்தாள்.

“கோவமோ?”

“சனிக்கிழமை முடியட்டும்,” என்றாள்.