பைப்லைனும் பெரியவரும்

கம்ப்யூட்டர் வேலையில் பாதி நேரம் கம்ப்யூட்டரோடு போகும், மீதி நேரம் "நீ என்னதான் வேலை பாக்குற?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போகும். என்னைப்போல் பச்சை டிக்கை நம்பி மோசம் போனவர்களே, இது உங்களுக்காக.

குழாய் ரிப்பேர்

சூரியநெல்லியில் எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் உட்கார்ந்தே எனக்கு வேலை. யானை நடமாட்டத்தை, காவலுக்கு நிற்கும் வாச்சர் போனில் எழுதி அனுப்பினால், அந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கிற எல்லார் போனும் அலறவேண்டும். அந்த புரோகிராம் எங்கள் கம்பெனியுடையது. எந்நேரமும் ஓடாது; செய்தி வந்தால் மட்டும் கிளவுடில் கண்முழித்து, வேலையை முடித்துவிட்டுத் தூங்கிவிடும். நான் திருத்தி எழுதுவதைச் சோதித்து, கன்டெய்னர் என்கிற பெட்டியில் கட்டி, தானாகவே மேலே ஏற்றிவிடும் ஏற்பாட்டுக்குப் பெயர் பைப்லைன். அது படுத்தால் எழுப்புவது நான்.

இதைப் பக்கத்து வீட்டு மாரியக்காவுக்கு மூச்சு முட்ட விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னது: "பைப்லைன் பாக்குறேன்னு முன்னமே சொல்லக்கூடாதா? நம்ம லைன்ல மூணு நாளா தண்ணி வரலைடி!"

பெரியவர்

ஒரு திங்கட்கிழமை, எச்சரிக்கையே வராமல் ஏழாம் நம்பர் காட்டில் ரெண்டு யானை இறங்கிவிட்டன. கொழுந்துப் பையைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் எங்கம்மாவும் ஒருத்தி. முழங்கால் சிராய்ப்போடு அவள் வந்து நின்றாள். பெத்தவளுக்கே உதவாத புரோகிராம் அப்புறம் எதற்கு?

வந்த செய்திகளைத் திறந்து பார்த்தேன். வாச்சர் முருகையா அண்ணன் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறார்: 'பெரியவர் ரெண்டு பேர், ஏழாம் நம்பர்.' புரோகிராமோ 'யானை' என்று இருந்தால்தான் அசையும். அந்த புரோகிராமை எழுதினவர் மலையேறாத புண்ணியவான். "அண்ணே, யானைன்னு எழுதினா என்ன?" என்று போனில் கத்தினேன். அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பேரச் சொன்னா, கூப்பிட்டதா நெனச்சு வந்துருவாரும்மா!"

ஒரே பேர்

அண்ணன் மாறமாட்டார், புரோகிராம்தான் மாறவேண்டும். 'ஆனை', 'பெரியவர்' ரெண்டையும் புரோகிராமில் சேர்த்து மேலே அனுப்பினேன். எல்லாம் சரி என்று பைப்லைன் முழுக்கப் பச்சை டிக். சோதனைக்கு 'பெரியவர்' என்று என் போனுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால், ம்ஹூம். மூன்று தடவை ஏற்றினேன். மூன்று தடவையும் பச்சை, மூன்று தடவையும் அதே தூக்கம். நாளைக் காலை அம்மா மறுபடி ஏழாம் நம்பருக்குப் போகவேண்டும். விடுவேனா?

மத்தியானம் பிடித்துவிட்டேன். பெட்டி புதுசுதான். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் 'லேட்டஸ்ட்' என்று ஒரே லேபிள். லேபிள் மாறாததால் கிளவுட், புதுசாக ஒன்றுமில்லை என்று பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் போடவைத்தேன். ஏற்றியதும் பைப்லைனே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வந்தால்தான் பச்சை காட்டவேண்டும் என்றும் கட்டிவிட்டேன். என் போன் அலறியது. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து என்னோடு வேலை பார்க்கும் சுப்பிரமணியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்: "ஏனுங்க, எங்கூட்டு எருமை அஞ்சுக்கும் லட்சுமின்னே பேரு வெச்சா, கூப்பிட்டா எதுங்க வரும்?"

பத்தரை மணி

மறுநாள் பத்தரைக்கு எச்சரிக்கை வந்தது: பெரியவர், ஏழாம் நம்பர். அம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், இல்லை. என் வேலை மேல் எனக்குச் சந்தேகமில்லை, எங்கள் மலை சிக்னல் மேல்தான்.

கால் மணி கழித்து அவளே கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம். யானைகள் வருமுன்னே எல்லாரும் மேட்டில் ஏறி நின்றுகொண்டு, அவை தேயிலைக்குள் நடந்து போவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஏறுகிற அவசரத்தில் போனை எடுக்கவில்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா சொன்னாள்: "உன் பைப்புல தண்ணி வந்துருச்சுடி!"

மாரியக்கா வீட்டுக் குழாயில்தான் இன்னும் சொட்டுத் தண்ணி இல்லை. அதற்கும் நான்தான் பொறுப்பாம்.