கொட்டாஞ்சேனையிலிருந்து கடைசிக் குழி வரை

விடிந்ததும் வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து புறப்பட்டு, காலி வீதியில் பஸ் பிடித்து, கோட்டையில் மாறி, ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். இந்த யுத்தத்துக்குள் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கொல்ப் விளையாட்டுப் பார்க்கப் புறப்பட்ட யாழ்ப்பாணத்தான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அழைத்தவன் அங்கே குடியிருக்கும் ஜூட், என்னோடு கந்தோரில் வேலை பார்த்தவரின் மகன். பெரிய தொடர்களுக்குப் போகுமுன் ஆட்டக்காரர்கள் பழகும் சின்னத் தொடரில், இந்தப் பருவம் முழுக்கப் பரிசுப் பணத்தில் அவன்தான் முதலிடம். இன்று கடைசிப் போட்டி. முதலிடத்தில் முடிப்பவருக்கு மட்டும் வெளிநாட்டுத் தொடரில் இடம். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி; இரண்டாவதாக நிற்கும் நிஹாலை விட இன்று ஓர் அடியும் கூட அடிக்காமல் முடித்தால் போதும்.

ஓட்டோவுக்கு நூற்றைம்பது ரூபா. பொரளைப் பக்கத்து மைதானத்துக்கு ஐந்து கிலோமீற்றர்தான். சோதனைச் சாவடி மூன்று. ஒவ்வொன்றிலும் ஜூட் இறங்கி, நீளப் பையைத் திறந்து மட்டைகளை எடுத்துக் காட்டினான்.

"உனக்குக் கோவம் வாறேல்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"பழகிட்டுது அங்கிள். ஓட்டோ அண்ணன்தான் பாவம், வெயிட்டிங்குக்குக் காசு கேக்க வெக்கப்படுறார்."

"ஆரு சொன்னது? இறங்கக்குள்ள கேப்பன்" என்றார் ஓட்டோக்காரர். கேட்கவும் செய்தார்.

மைதான மதிலுக்கு உள்ளே சீருடை ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்தப் புல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஊரில் எங்கள் வீட்டு வளவுக்கு ஒருநாளும் இவ்வளவு தண்ணீர் கிடைத்ததில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது ஜூட்டும் நிஹாலும் சமம். ஜூட்டின் பந்து உயரப் புல்லுக்குள் விழுந்தது. பார்க்க வந்த நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். குனிந்தவன் அடிக்காமலே நிமிர்ந்து, நிஹாலைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னான்:

"மச்சான், மட்டையை வைக்கக்குள்ள பந்து அசைஞ்சிட்டுது. எனக்கு ஓரடி தண்டம் போடு."

"நான் காணல்லையே."

"நான் கண்டன்."

பந்தை அசைத்தால் கணக்கில் ஓரடி கூடும்; அந்த ஓரடியில் முதலிடம் நிஹாலுக்குப் போயிற்று. வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஒருத்தரும் காணேல்லை. நீ ஏன் சொன்னனீ?"

"இந்த விளையாட்டில பக்கத்தில நடுவர் இல்லை, எங்களை நாங்கதான் பாத்துக்கொள்ளணும் அங்கிள்." அவன் கண் கலங்கியிருந்தது.

திரும்பும் வழியில், காலையில் சாவடியில் எங்களைச் சோதித்த அதே சிப்பாய் மறித்தான். "மட்டையும் பந்தும்தான், வேறொன்றும் இல்லை" என்றான் ஜூட். சிப்பாய் நம்பவில்லை. பையை வாங்கி வீதியில் கவிழ்த்துக் கொட்டினான்.