துளியைக் கறுக்க வைத்தது எது?

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் இருட்டுக்கு நடுவே பளபளவென்று உருண்டைத் துளிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்புச் சிலுவை. எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அதை எனக்கு முதன்முதலாகக் காட்டியவர் என்னைவிட மூத்த ஆய்வு மாணவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மன்னார்புரத்துக்காரர். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவார். துளிக்குள் இருந்தது திரவப் படிகம். தண்ணீர் போல ஓடும். ஆனால் அதன் நீள நீளமான மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பது போல வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைதான் நமக்குச் சிலுவையாகத் தெரிகிறது. அக்கா அதில் ஒரு சாயத்தைக் கலந்திருந்தார். ஊதா ஒளி பட்டால் சாயத்தின் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல வளையும், வரிசை கலையும், சிலுவை மறைந்து துளி கறுத்துப்போகும்.

ஒரே ஒரு தொல்லை. சூடு பட்டாலும் அதே துளி அதே மாதிரிதான் கறுக்கும். திருச்சி வெயிலில் கேட்கவா வேண்டும்! அதனால் ஊதா விளக்குக்கும் துளிக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைப்பார் அக்கா. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், ஒளி மட்டும் உள்ளே போகும். ஒளியில் துளி கறுக்கச் சில நிமிடங்கள் ஆகும். ஆனால் விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் கறுத்தே இருக்கும். சூட்டில் கறுத்தது என்றால் அணைத்த உடனே சிலுவை திரும்பிவிடும். அந்த வித்தியாசம்தான் அவருடைய ஆய்வேடு முழுவதும். அதை யாராவது பொய் என்று சொல்லிவிட்டால் அத்தனை வருட உழைப்பும் போச்சு.

எங்கள் துறைத்தலைவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். மேலே இருப்பவரைக் கண்டால் அந்த மனிதருக்கு முதுகெலும்பே இருக்காது. கீழே இருப்பவரிடம் வாயைத் திறந்தால் வெற்றிலைச்சாறும் ஏச்சும்தான். ஆய்வேட்டைப் பார்வையிட மெட்ராஸிலிருந்து தேர்வாளர் வந்த அன்று ஏலக்காய் மாலை என்ன, ஸ்ரீரங்கத்தில் தனி தரிசனம் என்ன! கோயிலில் நேரமாகி, சாப்பாட்டு வேளைக்குத்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்றார்.

"ஐயாவ எவ்வளவு நேரம்மா நிக்க வைக்கிறது?" என்று துறைத்தலைவர் தொட்டியைத் தம் கையாலேயே தூக்கி ஓரமாக வைத்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"சார், தண்ணிய எடுத்தா சூடு உள்ள போயிடும்."

"நீ சும்மா இரும்மா."

துளிகள் பட்டென்று கறுத்தன. "பாத்தீங்களா ஐயா!" என்று பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். தேர்வாளர் விவரமானவர். ஊதா விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். சிலுவைகள் உடனே திரும்பிவிட்டன. "இது வெறும் சூடும்மா" என்றார், அக்காவைப் பார்த்து. உடனே நம் ஆள், வாய் கூசாமல், "அதத்தாங்க ஐயா நானும் இந்தப் பொண்ணுகிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். சீ! மனுஷ ஜன்மமா அது?

"தண்ணிய வெச்சுத் திரும்பக் காட்டுறேன் சார், கொஞ்சம் இருங்க" என்று அக்கா கெஞ்சினார். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லித் தேர்வாளரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய்விட்டார் அந்த மனிதர். ஆய்வேடு தள்ளுபடியானது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார். சில வருடம் கழித்து அதே துளிகள், அதே தண்ணீர்த் தொட்டி, படத்தோடு ஒரு கட்டுரையாக வந்தன. போட்டிருந்தது துறைத்தலைவர் பெயர் மட்டும். படித்துவிட்டு நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

போன மாதம் அந்தத் துறைத்தலைவருடைய எண்பதாவது வயதுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். பழைய மாணவி என்று, மாலை போட்டு நாலு வார்த்தை புகழ்ந்து பேச என்னையும் அழைத்தார்கள். அக்காவுக்குப் போன் செய்து, "என்னக்கா செய்யட்டும்?" என்றேன்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: "போறதுன்னா போயிட்டு வா. ஆனா அந்த ஆளுக்கு மாலை போட்ட கையோட என் வீட்டுக்கு வராதே."