மச்சான் சீர்வைத்த சிறுநீரகம்

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, என்னுடையதில் ஒன்றைத் தரப்போவதாக உத்தமபாளையம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ரத்த வகையும் பொருந்தியிருந்தது. டீக்கடை பெஞ்சில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஊசியைக் கண்டாலே எனக்குக் கால் உதறும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மதுரை ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். அவளுடையது என் அணுக்களை அடித்துக் கொன்றுவிட்டதாம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூன்று பிள்ளைகளைச் சுமந்தபோது, பிள்ளைகளிடம் இருந்த என் கூறுகளை அவள் உடம்பு அந்நியம் என்று கண்டுகொண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. என் சிறுநீரகத்தை உள்ளே விட்டால் உடனே பாயும்.

"வீட்ல போட்ட சண்டையினாலயா டாக்டர்?"

"சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

பக்கத்திலிருந்த என் மனைவி விடவில்லை. "இத்தன வருசமா வாயால சொன்னேன், கேட்டீகளா? இப்ப ரத்தமே சொல்லிருச்சு."

அடுத்து வந்தவர் பெரியகுளத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் அவளுடைய அண்ணன். எங்கள் மூத்தவள் சடங்குக்கு அவர் கொண்டுவந்த சீர் பத்தவில்லை என்று நான் சபையில் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் பக்கமே திரும்பாமல் வந்தார், ரத்தம் கொடுத்தார். அவருடைய அணுக்களை அவள் ரத்தம் தொடவே இல்லை. "ஆனாலும் எதிர்ப்புக்குப் பழகின உடம்பு. ஆரம்பத்துல உஷாரா இருக்கணும்" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டிலில் தொங்கிய பையில் சிறுநீர் சேர ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முகமூடி மாட்டிக்கொண்டு பையைப் பார்த்தேன். ஊரிலிருந்து யார் செல்போனில் கேட்டாலும் ஒரே பதில்: "வரத்து நல்லாருக்கு."

மூன்றாம் நாள் வரத்து குறைந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியது. உடம்பு எதிர்க்கிறதா என்று பார்க்க, புதுச் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுக்க அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கால்கள் என்னைக் கேட்காமலே மச்சான் படுத்திருந்த அறைக்கு ஓடின.

"மச்சான், ஒங்க கிட்னி மக்கர் பண்ணுது!"

இத்தனை வருடம் கழித்து அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எங்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தேன் ஓடுச்சு. ஒங்க வீட்டுக்கு வந்தா பொண்ணும் இப்பிடித்தேன், கிட்னியும் இப்பிடித்தேன்."

"வெளையாடாதீக மச்சான். எனக்குப் படபடன்னு வருது."

"அப்ப இங்கன படுங்க மாப்ள." நகர்ந்து இடம் விட்டார்.

படுத்துவிட்டேன். அப்போது உள்ளே வந்த நர்ஸ், நோயாளி யார் என்று குழம்பி என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். எகிறியிருந்தது.

சந்தேகம் உறுதியானது. "ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். மருந்துக்கு அடங்கும்" என்றார் டாக்டர். "அடங்கலைன்னா?" என்றேன். "அப்ப பாப்போம்" என்று போய்விட்டார். அவளுக்கு டிரிப்ஸில் மருந்து இறங்கியது. நான் பைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். சொட்டு விழுந்தால் மூச்சு விட்டேன். நின்றால் நானும் நிறுத்திக்கொண்டேன். செல்போனை அணைத்து வைத்திருந்தேன்.

மருந்து ஏறி முடிந்த மறுநாள் காலை, பை கனத்துத் தொங்கியது. ஊருக்குப் போன் போட்டு, "மதகத் தொறக்கலாம்லே!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு மச்சான் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவு வரை வந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பயாச்சும் சீரு பத்துமா மாப்ள? பத்தலன்னா சொல்லுங்க, இன்னொன்னு இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீகளேன், தையல் பிரிஞ்சுரும்" என்றாள்.

அவ்வளவுதான். அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் சுற்றிப் பார்க்க வந்த டாக்டரிடம் மச்சான் சொன்னார்: "மாப்ளைக்குப் பேச்சு நின்னுபோச்சு டாக்டர். அதுக்கும் ஏதாச்சும் ஊசி இருக்கா?"